திருவிடந்தையிலிருந்து தெற்கே

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் காலை நடை திறக்கும் நேரத்தில் வாசலில் பூக்காரர்களின் கூடைகள் மாலைகளால் நிறைந்திருக்கும். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று வருபவர்கள் இரண்டு மாலை வாங்கிப் பெருமாளுக்குச் சாற்றி, ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வருகிறார்கள். அந்த மாலையைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் தம்பதியாக வந்து கோயிலில் சேர்க்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம்; 108 திவ்யதேசங்களில் ஒன்று. வருகிறவர்களில் பெரும்பாலோர் அரை மணி நேரத்தில் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். கிழக்கே சிறிது நடந்தால் கடல். அங்கே திரும்பிக் கரையோடு தெற்கே ஏறத்தாழ 17 கி.மீ. போனால் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வந்துவிடும். அந்த ஊரும் திருக்கடல்மல்லை என்ற பெயரில் ஒரு திவ்யதேசம்தான். இரண்டையும் ஒரே நாளில் சேவித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கரையோடு நடந்து சேவித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் முதல் தடவை நடக்கப்போனது ஒரு ஏப்ரல் மாதம். ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். 17 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரம், ஒரு மணிக்குள் போய்விடலாம் என்று கணக்கு. பதினொன்றரைக்கு நெம்மேலிப் பக்கம் ஒரு படகு நிழலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இரண்டு லிட்டர் தண்ணீரும் தீர்ந்திருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூழில் மோர் விட்டுக் கொடுத்தார். பிறகு சந்து வழியாக ரோட்டுக்கு ஏறி பஸ் பிடித்தேன். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது: நம் கடற்கரையில் ஒரு நாள் நடையையோ பல நாள் நடையையோ எப்படித் திட்டமிடுவது? இதற்கென்று நம்மிடம் என்ன அறிவு இருக்கிறது, எது இல்லை?

மேல்நாட்டில் இதற்குப் பெரிய மரபு உண்டு. மரமில்லாமல், ஈரமும் காற்றும் புதருமாகப் பரந்துகிடக்கும் மேட்டுவெளியை ஆங்கிலேயர் மூர் என்பார்கள். 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்ற அப்படிப்பட்ட ஒரு மேட்டில், நிலச்சுவான்தார்களின் தடையை மீறி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1965இல் பென்னைன் வே என்ற 268 மைல் நடைபாதை முறைப்படி திறக்கப்பட்டதற்குப் பின்னால் அந்தப் போராட்டத்தின் சூடு இருந்தது. வேல்ஸ் நாடு 2012இல் தன் கரை முழுவதையும் 870 மைல், அதாவது ஏறத்தாழ 1,400 கி.மீ. நீளமுள்ள ஒரே பாதையாக இணைத்தது. தமிழ்நாட்டின் கரை நீளமும் ஆயிரம் கி.மீ.க்கு மேல். நடப்பவருக்கென்று அதில் போடப்பட்ட கைகாட்டி ஒன்றையும் நான் கண்டதில்லை.

அவர்களுடைய திட்டக் கணக்குகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார்: மணிக்கு 3 மைல் வை, 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். இன்றும் மலை நடப்பவர்கள் அதைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஏற்றமே கிடையாது. ஆனால் மணல் இருக்கிறது. 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது என்று தெரிந்தது. என்னுடைய முதல் நாள் கணக்கு தவறியது இங்கேதான். வரைபடத்தில் 17 என்று இருந்தது. காலுக்கு அது முப்பதுக்கு மேல்.

நம்மிடம் மரபே இல்லையா என்றால், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. ஆற்றுப்படை என்பதே வழி சொல்லும் இலக்கியம். போய்வந்த ஒருவர் போகப்போகிறவரிடம் எந்த ஊர் வழியாகப் போவது, அங்கே யார் இருப்பார்கள், எப்படி வரவேற்பார்கள், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள் என்று வரிசையாகச் சொல்வார். சிறுபாணாற்றுப்படை நம் கரைக்கே உரியது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு, அதாவது இன்றைய திண்டிவனத்துக்கு, வழி சொல்கிறது. கடலோர எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும். எயிற்பட்டினம் மரக்காணம் பகுதி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். காஞ்சிக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகமும், கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கமும் வருகின்றன. நீர்ப்பெயற்றை மாமல்லபுரத்தோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. அந்த விவாதம் எனக்கு இங்கே முக்கியமில்லை. நிலம் மாறும் இடத்தில் சாப்பாடு மாறுகிறது, விருந்து கொடுப்பவர் மாறுகிறார், நடைக்கு ஒரு இடைநிறுத்தம் கிடைக்கிறது. வழியை இத்தனை காதம் என்று மட்டும் அளக்காமல் தங்குமிடத்தாலும் சாப்பாட்டாலும் அளந்திருக்கிறார்கள். நடைத் திட்டத்துக்கு இதைவிடச் சரியான அடிப்படையை நான் எங்கும் படித்ததில்லை.

அந்த வழக்கம் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு முந்நூறு கி.மீ.க்கு மேல் நடந்து போகிறவர்கள் காவி உடுத்திக் கூட்டங்கூட்டமாகப் போவார்கள். விடியுமுன் எழுந்து நடப்பது, வெயில் ஏறியதும் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ மரத்தடியிலோ படுத்துவிடுவது, சாயங்காலம் மறுபடி கிளம்பி இரவில் நடப்பது. சமையல் சாமானோடு ஒரு வேன் முன்னே போய்க் காத்திருக்கும். தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் போகிறவர்களும், காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்குப் போகிறவர்களும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் நடக்கிறார்கள். புத்தகம் பார்த்துக் கற்றதல்ல. போன வருஷம் போனவர் இந்த வருஷம் புதிதாக வருபவருக்குச் சொல்லிச் சொல்லி வந்தது.

1930இல் ராஜாஜி நடத்திய வேதாரண்யம் உப்பு யாத்திரையையும் நான் ஒரு நடைத் திட்டமாகப் படிக்கிறேன். ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பி ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 150 மைல், ஏறத்தாழ நூறு தொண்டர்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்குப் பத்து மைல். சித்திரை வெயிலில் அதற்கு மேல் வைத்திருந்தால் பாதிப் பேர் படுத்திருப்பார்கள். சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தபோது, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். திட்டத்தின் உயிர் எங்கே இருந்தது என்று அந்தக் கிளைகள் காட்டிவிட்டன.

கடலை ஒட்டிய நெடுநடைக்கு இன்றைக்கும் உயிரோடு இருக்கும் பெரிய தமிழ் உதாரணம் இலங்கையில்தான். யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேலைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோடு இறங்கிக் கதிர்காமம் வரை போகிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். போர்க்காலத்தில் தடைபட்டு மீண்ட நடை அது. கடைசிக் கட்டத்தில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்குள் நுழைய வேண்டும். வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். யானையும் கரடியும் உள்ள காடு, குடிநீர் அரிது. நடப்பவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்றே கூப்பிடுகிறார்கள்.

தனியாக நடந்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. சதீஷ் பாஸ்கர், கடலாமைகளைக் கணக்கெடுப்பதற்காக 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கரைகளில் ஏறத்தாழ 4,000 கி.மீ. நடந்தவர். 2023இல் காலமானார். சென்னைக் கரையில் 1970களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கிய ஆமை நடையில் அவரும் இருந்தார். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நடையைத் தொடர்ந்து நடத்திவருகிறது. பொங்கலை ஒட்டிய இரவுகளில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ஒரு குழியில் நூற்றுச் சொச்சம் முட்டை. அவர்கள் ராத்திரியில் நடந்து அந்தத் தடத்தைத் தேடி, முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுகிறார்கள். இந்தக் கரையைப் பற்றி இன்று நம்மிடம் இருக்கும் நடை அறிவில் பாதி இவர்கள் கொடுத்தது என்பேன். ஈர மணலில் எந்த மட்டத்தில் நடந்தால் கால் சோராது, எந்த விளக்கு ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், எந்த வேலியைச் சுற்றிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இனி அந்த 17 கி.மீ.க்கு வருகிறேன். இதை ஒரு நாள் நடைக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

காலம் முதலில். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் அலை கரையை அரித்துவிடும். போன மாதம் ஐம்பது அடி அகலமாக இருந்த மணல் பத்தடியாக நிற்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை ஏறியது. தை பிறந்ததிலிருந்து மாசி கடைசி வரை நல்ல காலம். பங்குனியிலிருந்து வெயில் ஏறும். நடந்தே தீர வேண்டும் என்றால் காலை எட்டரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் மட்டும் நடக்கலாம். கோடையில் பகலில் கடல்காற்று எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். நண்பகலுக்கு முன்பே விழுந்த நாள் தாங்கும். மேற்கிலிருந்து கரைக்காற்று விடாமல் அடிக்கிற நாளில் மணல் அனலாகும். அன்றைக்கு நடையை ஒத்திப்போடுவதில் வெட்கமில்லை.

அடுத்தது மணல். கரையில் மூன்று வரி உண்டு. மேலே அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த உலர்மணல். கொடி காலுக்கு இதம். ராவணன் மீசையின் முள் கெண்டைக்காலைக் கிழித்துவிடும். நடுவில் நண்டு வளைகள் உள்ள பொலபொலப்பான மணல், நடக்க மிகவும் கஷ்டமானது. கீழே அலை இப்போதுதான் திரும்பிப் போன ஈரப்பட்டை. அந்தப் பட்டையில்தான் நடக்க வேண்டும். குதிகாலை அழுத்திப் பாருங்கள்: சுற்றிலும் மணல் ஒரு நொடி வெளிறி உலர்ந்ததுபோல் ஆனால் அது கெட்டி, தண்ணீர் ஊறிக் கால் புதைந்தால் இன்னும் இரண்டடி மேலே ஏறுங்கள். ஆனால் ஈரப்பட்டை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கே போகும்போது இடது கால் எப்போதும் தாழ்ந்தே விழும். நாலு மணி நேரம் அப்படி நடந்தால் இடுப்பும் முழங்காலும் மறுநாள் சொல்லும். அரை மணிக்கு ஒரு தடவை மேலேறிச் சமதரையில் கொஞ்ச தூரம் நடப்பது, அல்லது ஒரு குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் இடையே ரோட்டில் நடப்பது நல்லது. நம் பகுதியில் கடலின் ஏற்றமும் வற்றமும் பெரிதல்ல, அமாவாசை பௌர்ணமியில்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் தட்டையான இடத்தில் அந்த ஒரு மீட்டர் முழு ஈரப்பட்டையையும் விழுங்கிவிடும். ஆகவே வற்றத்தில் நடையின் நடுப்பகுதி வரும்படி கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம் பற்றி எச்சரிக்கை விடுகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவு அதைப் பார்க்காமல் நான் இப்போது கிளம்புவதில்லை.

விடியுமுன் ஐந்தே முக்காலுக்குத் திருவிடந்தையில் மணலில் இறங்கினால், சூரியன் எழும்போது வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு நேர் கிழக்கே இருப்பீர்கள். ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கியது அது. அதற்குத் தெற்கே நெம்மேலி, சூளேரிக்காட்டுக்குப்பம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இந்தப் பக்கம்தான்: நாளுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கும் முதல் நிலையம் 2013இல் வந்தது, 15 கோடி லிட்டர் கொடுக்கும் இரண்டாவது 2024இல். இங்கே கரை சில காலங்களில் ஒடுங்கிக் கல் அணைவு மட்டும் மிஞ்சும். நம் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதனால் கடலுக்குள் நீட்டிய எந்தக் கல்லுக்கும் தெற்கே மணல் மேடிடும், வடக்கே அரிக்கும். தெற்கு நோக்கி நடப்பவர் முதலில் அரித்த பக்கத்தைத்தான் சந்திப்பார். தூண்டில் வளைவு என்று சொல்லப்படும் அப்படிப்பட்ட கல்வரிசை தூரத்தில் தெரிந்ததும், முட்டிக்கொண்டு நிற்காமல், முன்கூட்டியே சந்து வழியாக ரோட்டுக்கு ஏறிச் சுற்றி இறங்க வேண்டும். கல்மேல் ஏறித் தாண்டலாம் என்று ஒருபோதும் இறங்காதீர்கள். பாசி பிடித்த கல், கீழே சுழி.

பட்டிபுலம் வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் பெட்டிக்கடையில் சோடாவோ இளநீரோ கிடைத்திருக்கும். சித்திரை, வைகாசி என்றால் ரோட்டோரம் நுங்கு. தண்ணீர் ஒரு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது குறைந்தபட்சம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் தலை சுற்றும். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ கூட வேண்டும். கழிப்பிடம் பற்றி நம் பயணக் கட்டுரைகள் பேசுவதேயில்லை. பெண்கள் இந்த நடைக்கு வரத் தயங்குவதற்கு வெயிலைவிட அதுவே காரணம் என்று என்னோடு நடந்த தோழி ஒருவர் சொன்னார். சாலையோரப் பெட்ரோல் பங்குகளையும் ஓட்டல்களையும் முதலிலேயே குறித்து வைத்து, அதை ஒட்டியே இடைநிறுத்தங்களை அமைத்தோம். அவர் அன்று முழுத் தூரமும் நடந்தார்.

பன்னிரண்டாவது கி.மீ. அளவில் சாளுவன்குப்பம். யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகையும், அதிரணசண்டன் குடைவரையும் சவுக்கு மர நிழலில் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து தொல்லியல் துறை 2005இல் தோண்டி எடுத்த முருகன் கோயில். மேலே பல்லவர் காலக் கல், அடியில் அதற்கும் முந்திய செங்கல் கட்டுமானம். காரில் வருபவர்கள் புலிக்குகையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாலு மணி நேரம் மணலில் நடந்து வந்து அந்தச் செங்கல் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், கடல் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். அங்கேயே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மூன்றரை வரை நிழலில் இருந்துவிடலாம். மீதி 5 கி.மீ. மாலையில். தேவனேரி தாண்டியதும் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் இரட்டை விமானம் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பதற்காக மட்டும் நான் இந்த நடையைத் திரும்பத் திரும்பச் செய்வேன்.

முதல் நடைக்கு இந்தத் தடத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சாலை எப்போதும் பக்கத்திலேயே இருப்பது. எந்தக் குப்பத்திலிருந்தும் ஒரு சந்து ரோட்டுக்குப் போகும்; ரோட்டில் பஸ் வரும். முடியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஆபத்து என்றால் 108. கடலில் யாராவது சிக்கியிருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

குப்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரை அவர்களுக்குத் தொழிற்கூடம். கரைவலை இழுக்கும்போது கயிறு கடலிலிருந்து மேடு வரை நீண்டிருக்கும். அதைத் தாண்டாதீர்கள், இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். காய்கிற கருவாட்டுக்கு நடுவே செருப்போடு நடக்கக்கூடாது. கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று சொன்னால் போதும், அடுத்த மூன்று மைலுக்கான சேதி கிடைத்துவிடும். மார்கழியிலிருந்து பங்குனி வரை கரையில் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் ஆமைக்குக் கேடு. தங்குவதை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரை ஏறத்தாழ 100 கி.மீ. இங்கேதான் பல நாள் நடையின் உண்மையான சிக்கல்கள் தொடங்குகின்றன. கொக்கிலமேட்டை அடுத்து ஒரு கழிமுகம். அதைத் தாண்டினால் டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் உள்ள சதுரங்கப்பட்டினம். ஒட்டினாற்போல் கல்பாக்கம் அணுமின் வளாகம். அங்கே கரையோடு போக முடியாது, சாலைக்கு ஏறியே ஆக வேண்டும். வயலூருக்குப் பக்கத்தில் பாலாறு கடலில் சேர்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி அது மணல். மழை பெய்த மாதத்தில் ஆறு. அதற்கப்பால் கடலூர் என்ற சிற்றூரின் குப்பங்கள், ஓதியூர்க் கழி, முதலியார்குப்பம், பிறகு கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குக் கொடுக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. உடைந்த செங்கல் மதிலுக்குக் கீழே கழி வளைந்து கடலில் சேரும் அந்த இடம் இந்தத் தடத்திலேயே மிக அழகான இரவுத் தங்கலாக இருக்கும், தங்குமிடம் ஒன்று இருந்தால். அடுத்து மரக்காணம் உப்பளங்கள். பக்கிங்காம் கால்வாய் முடிவது அங்கேதான்.

அந்தக் கால்வாயை நடைக்கான மாற்றுவழியாக யோசிக்கலாம். ஒரு காலத்தில் மூங்கில் கழியால் ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் படகுகள் போன கால்வாய். படகு இழுத்தவன் நடந்த கரை அது. மூர் என்று ஆங்கிலேயர் சொல்வதற்கு நம் பக்கத்தில் நெருங்கியது இந்தக் கால்வாய்க்கு இருபுறமும் விரிந்த கழிவெளிதான்: மரமில்லாத, உப்புப் பூத்த, காற்று தடையின்றி அடிக்கும் வெளி. மாசியில் அங்கே பூநாரைகள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கரை பல இடங்களில் இடிந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மேலே காய்ந்ததுபோல் தெரியும் சேறு முழங்கால் வரை இழுக்கும். வாத்து மேய்ப்பவரோ இறால் பிடிப்பவரோ போன தடம் இல்லாத இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

இந்த 100 கி.மீ.க்கு ஐந்து நாள் என்று பலர் வகுப்பார்கள். ஏழு நாள் வையுங்கள் என்பது என் கருத்து. கழிமுகங்களைச் சுற்றிப் பாலத்துக்குப் போய்வருவதிலேயே தூரம் கூடிவிடும். ஒரு நாளாவது காற்றோ காலோ ஓய்வு கேட்கும். ஊர் ஊராகக் கோயில், மாதா கோயில், பள்ளிக்கூடம் என்று தங்குமிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பஞ்சாயத்துத் தலைவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால், வேளாங்கண்ணிக்காரர்களுக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்கும்.

திட்டத்தால் தீராத ஒரு தடை இருக்கிறது. அலை ஏறி இறங்கும் மணல் யாருடைய பட்டாவிலும் இல்லாத பொது இடம். 1991இல் வந்து 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அந்தக் கரையில் என்னென்ன கட்டலாம், கட்டக்கூடாது என்று சொல்கிறது. ஆனாலும் திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே சுற்றுச்சுவர்கள் மணலுக்குள் இறங்கியிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு விடுதிக்கு எதிரே நின்ற காவலாளி, இந்தப் பக்கம் நடக்கக்கூடாது என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ரோட்டிலிருந்து கரைக்கு வரும் பழைய சந்துகள் மனைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக மறைகின்றன. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்து வழியாக ரோட்டுக்கு நடந்த மீன்காரப் பெண்கள்தான் முதலில் நஷ்டப்படுகிறார்கள். நடைப் பிரியர்கள் அதற்கு அப்புறம்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலை நடைக்குப் போன 23 பேர் இறந்த பிறகு மலை நடைக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களை இணையப் பதிவோடு திறந்தது. மலைக்குச் செய்ததைக் கரைக்கும் செய்ய முடியும். திருவிடந்தைக்குச் சற்று வடக்கே உள்ள கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குச் செலவிட்ட கவனத்தில் ஒரு பங்கு போதும்: கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை சந்துகளை அளந்து கல் நட்டு, குப்பத்துக்கு ஒரு குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும் கட்டி, அந்தந்த ஊர் ஆட்களையே வழிகாட்டியாக அமர்த்தலாம். குழாயும் கழிப்பிடமும் நடப்பவருக்கு முன் ஊருக்கே பயன்படும். குப்பத்து ஜனங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் போடப்படும் எந்தப் பாதையையும் நான் ஆதரிக்க மாட்டேன். அப்படிப்பட்ட பாதை நாளைக்கு வரப்போகும் விடுதிக்கு முன்வாசலாகத்தான் முடியும்.

போன மாசியில் தெற்கே போகும்போது கொக்கிலமேட்டில் கழிமுகத்துக்கு முன்னால் நின்றேன். கையில் இருந்த செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் மணல் மூடித் தெரிந்தது. எதிரே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"மொகத்துவாரம் எப்பண்ணா தெறந்தது?"

"நாலு நாளாச்சு தம்பி. நேத்து முட்டிக்காலு தண்ணி. இப்ப ஏத்தம், எறங்காத. வத்தத்துல போலாம், குந்து."

இரண்டு மணி நேரம் படகு நிழலில் உட்கார்ந்திருந்தேன். வலையில் கிழிந்த கண்ணிகளை அவர் முடிந்துகொண்டே இருந்தார். நடுநடுவே தலையைத் தூக்கித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஒரு கழியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். ஊன்றிப் பார்த்து, நேராகப் போகாமல் கடல் பக்கமாக வளைந்து, தண்ணீருக்கடியில் மேடிட்டிருந்த திட்டின்மேல் நடந்தார். நான் அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்தேன். தொடை வரை நனைந்தது. அக்கரையில் பணம் கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"அந்தாண்ட குப்பத்துல தண்ணி கேளு, குடுப்பாங்க. கொக்கிலமேட்டுலேர்ந்து நான் அனுப்புனேன்னு சொல்லு."

கழியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பித் தண்ணீரில் இறங்கினார்.